நிலவில் இறங்கிய நாடும் மலக்குழியில் இறங்கும் மனிதரும்

(விழுப்புரத்தில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் உங்களுக்குப் பிடித்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். 2023 ஆகஸ்ட் 23, மாலை 6 மணி 4 நிமிடம். சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டர் நிலவின் தென்துருவப் பகுதியில் மெதுவாகத் தரையிறங்கியது. நிலவில் மெதுவாக இறங்கிய நான்காவது நாடு இந்தியா, தென்துருவத்தை நெருங்கிய முதல் நாடு இந்தியா என்று உலகமே பேசியது.

அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் இந்த ஊர்க்காரர். அப்பா ரயில்வேயில் தொழில்நுட்பப் பணியாளர். படித்தது இங்கே ரயில்வே பள்ளியில். பிறகு பாலிடெக்னிக்கில் டிப்ளமா, அதன்பின் பொறியியல் கல்லூரி, அதன்பின் திருச்சியில் முதுகலை, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். தமிழ்நாடு அரசு பரிசாகத் தந்த 25 லட்சம் ரூபாயைத் தான் படித்த கல்வி நிறுவனங்களுக்கே கொடுத்துவிட்டார்.

இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டால், நிறைய இருக்கிறது என்பேன். ஆனால் நான் பெருமைப்படுவது ராக்கெட்டைப் பார்த்து அல்ல, அந்த ஏணியைப் பார்த்து. ஒரு ரயில்வே தொழிலாளியின் மகன் ரயில்வே பள்ளியில் காலை வைத்து, பாலிடெக்னிக்கில் அடுத்த காலை வைத்து, நிலவு வரைக்கும் ஏற முடிந்திருக்கிறது. அந்த ஏணியை யாரும் வானத்திலிருந்து போடவில்லை. எல்லோரும் படிக்க வேண்டும் என்று நூறாண்டுகளாக இந்த மண்ணில் போராடியவர்கள் போட்ட ஏணி அது.

ஆனால் அன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஓடிய பெருமை வேறு மாதிரி இருந்தது. 'நாங்கள் யார் தெரியுமா? நிலவையே தொட்டவர்கள்!' சரி, நீ என்ன செய்தாய் என்று கேட்டால் பதில் இல்லை. அந்த நாட்டில் பிறந்தேன், அவ்வளவுதான். பிறந்ததையே சாதனையாகச் சொல்லிக்கொள்ளும் பெருமையை நமக்கு ஏற்கெனவே தெரியும் தோழர்களே. இந்த மாவட்டத்தில் அதற்குச் சாதிப் பெருமை என்று பெயர். தாத்தா ஆண்டார், பாட்டனார் படை நடத்தினார் என்று பிளெக்ஸ் வைக்கிறார்களே, அதே சரக்கு. அதில் பாட்டனார் இருந்த இடத்தில் இதில் ராக்கெட்டை ஒட்டிவிட்டார்கள்.

அந்த ஆகஸ்ட் 23ஆம் தேதி இதே மாவட்டத்தில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. வளவனூர் பக்கம் மேல்பாதி கிராமத்தில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோவில் பூட்டிக் கிடந்தது. ஏப்ரலில் திருவிழாவின்போது பட்டியல் சமூக மக்கள் கோவிலுக்குள் வந்தார்கள் என்பதற்காகத் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தை நடந்தது, தீர்வு வரவில்லை. ஜூன் 7ஆம் தேதி வருவாய்த்துறை கோவிலுக்குச் சீல் வைத்தது. 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி நிலவில் ஒரு கலத்தை இறக்கிய நாளில், ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நம்மால் தாண்ட முடியவில்லை. நீதிமன்ற உத்தரவு வந்து, 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலோடு அந்த மக்கள் உள்ளே போனார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கலம் இறங்கி மூன்றாம் நாள், அது இறங்கிய இடத்துக்குச் 'சிவசக்தி' என்று பிரதமர் பெயர் வைத்தார். கணக்குப் போட்டவர்கள் மனிதர்கள், வெல்டிங் வைத்தவர்கள் மனிதர்கள், இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் மனிதர்கள். பெயர் மட்டும் சாமிக்கு! நிலவில் சாமிக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. மேல்பாதியில் சாமி பூட்டுக்குள்ளே, மனிதர் வாசலுக்கு வெளியே.

இனி நாடுகளுக்கு வருவோம். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் ஆண்டுதோறும் மனித மேம்பாட்டுக் குறியீடு என்று ஒன்றை வெளியிடுகிறது. எத்தனை ஆண்டு வாழ்கிறோம், எத்தனை ஆண்டு படிக்கிறோம், கையில் என்ன வருமானம் என்ற மூன்றையும் சேர்த்துப் போடும் கணக்கு. 2025இல் வந்த அறிக்கையில் 193 நாடுகளில் இந்தியாவுக்கு 130ஆவது இடம். முதல் இடம் ஐஸ்லாந்துக்கு. அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகை சுமார் 4 லட்சம். விழுப்புரம் மாவட்டத்தில் இருப்பவர்களில் கால் பங்குகூடக் கிடையாது. நிலவுக்குக் கலம் அனுப்பவில்லை, ஏவுதளம் இல்லை. 1969இலேயே நிலவில் மனிதரை இறக்கிய அமெரிக்கா 17ஆவது இடத்தில் நிற்கிறது. 2022இல் பெட்ரோலுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற இலங்கை 89ஆவது இடத்தில், நம்மைவிட 41 படி மேலே. ஈழத்தமிழர்களுக்கு அந்த அரசு இழைத்த கொடுமையை மறந்துவிட்டு இதைச் சொல்லவில்லை. அவ்வளவு கொடுமை செய்த அரசால்கூடத் தர முடிந்த இலவசக் கல்வியையும் இலவச மருத்துவத்தையும் நம் ஒன்றிய அரசால் ஏன் எல்லோருக்கும் தர முடியவில்லை என்று கேட்கிறேன்.

'சின்ன நாடுகளோடு நம்மை ஒப்பிடலாமா?' என்பார்கள். சரி, நாட்டுக்குள்ளேயே ஒப்பிடுவோம். உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை இந்தியா முழுவதும் 25. தமிழ்நாட்டில் 12. கேரளத்தில் 5. இது 2023ஆம் ஆண்டுக்கான அரசுக் கணக்கு. மூன்றுக்கும் ராக்கெட் ஒன்றுதான், கொடி ஒன்றுதான், தேசிய கீதம் ஒன்றுதான். வேறுபடுவது ஆரம்ப சுகாதார நிலையமும் கிராமச் செவிலியரும் பெண்களின் படிப்பும். தமிழ்நாடு என்று மார்தட்டிக்கொள்ளும்போது அதற்குள்ளும் பாருங்கள். மாநிலத் திட்டக் குழு மாவட்ட வாரியாக எடுத்த மனித மேம்பாட்டுக் கணக்கில் விழுப்புரம் கடைசி வரிசையில் இருந்தது. சராசரி என்பது பள்ளத்தை மூடிவைக்கும் பலகை. பலகையைத் தூக்கினால்தான் பள்ளத்தில் யார் இருக்கிறார் என்று தெரியும்.

'அப்படியானால் ராக்கெட் விடக்கூடாது என்கிறீர்களா?' என்று உடனே ஒருவர் எழுந்து கேட்பார். இல்லை தோழரே. சந்திரயான்-3க்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய நாட்டுக்கு அது பெரிய தொகை அல்ல. அதை நிறுத்தினால் வறுமை ஒழிந்துவிடும் என்று சொல்வது பொய்க்கணக்கு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, உங்கள் இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்தப் புயலைக் கடலிலேயே கண்டு சொல்ல உதவியது செயற்கைக்கோள். அறிவியல் வேண்டும். கூடுதலாகவே வேண்டும்.

1969 ஜூலையில் அப்பல்லோ-11 புறப்படுவதற்கு முதல் நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபர்நதி ஏழைக் கறுப்பினக் குடும்பங்களை அழைத்துக்கொண்டு, கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளோடு ஏவுதளத்தின் வாசலுக்கே போனார். ராக்கெட்டை நிறுத்துங்கள் என்று அவர் கேட்கவில்லை. விண்வெளி வீரர்களை வாழ்த்தவும் செய்தார். இவ்வளவு திறமை இருக்கிற நாட்டில் பிள்ளைகள் பசியோடு ஏன் இருக்கிறார்கள் என்பதுதான் அவர் கேள்வி. அந்தத் திறமை எந்தப் பக்கம் திரும்புகிறது, அதைத் திருப்பிவிடுவது யார்? நாம் கேட்பதும் இதைத்தான்.

இப்போது உங்கள் பாடத்துக்குள் வருகிறேன். 2019 செப்டம்பர் 7ஆம் தேதி சந்திரயான்-2இன் லேண்டர் நிலவில் மோதி நொறுங்கியது. அதற்குள் மனிதர் யாரும் இல்லை. இருந்தாலும் இஸ்ரோ என்ன செய்தது? ஏன் விழுந்தது என்று ஆராயக் குழு போட்டது. ஒவ்வொரு தவறையும் தோண்டி எடுத்தது. அடுத்த முறை எதெல்லாம் பழுதாகலாம் என்று முதலில் பட்டியல் போட்டு, அத்தனை பழுதையும் தாங்குவதுபோல் கலத்தை வடிவமைத்தது. கால்களை உறுதியாக்கினார்கள். உணரிகளைக் கூட்டினார்கள். அரை கிலோமீட்டர் சதுரமாக இருந்த இறங்குமிடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். பழுதை முன்கூட்டியே எண்ணிச் செய்யும் வடிவமைப்பு என்று அதைச் சொன்னார்கள். அருமையான பொறியியல்.

இந்த நாட்டில் இன்னொரு இறக்கமும் நடக்கிறது. செப்டிக் டேங்கில், பாதாளச் சாக்கடையில் மனிதர் இறங்குகிறார். அங்கே ஆபத்து எப்படி வருகிறது என்பது அறிவியலுக்குத் தெரியாத மர்மம் அல்ல. மூடிக் கிடக்கும் குழியில் கழிவு அழுகும்போது ஆக்சிஜன் குறைகிறது, ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்கிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கின் உணர்வே செத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் உண்மையில் அதிக நஞ்சுக்குள் இறங்குகிறார். சில மூச்சில் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க அண்ணனோ தம்பியோ குதிக்கிறார், அவரும் விழுகிறார். செய்தித்தாளில் 'மூவர் பலி' என்று வருவது இப்படித்தான். வாயுவை அளக்கும் கருவி ஒரு கைபேசியின் விலைதான். கழிவை உறிஞ்சும் லாரி எல்லா ஊரிலும் ஓடுகிறது.

நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு வைத்த கணக்கின்படி, 1993 முதல் இப்படிச் செத்தவர்கள் தமிழ்நாட்டில் மட்டும் 200 பேருக்கு மேல். மாநிலங்களில் நாம்தான் முதல் இடம். இந்தப் பெருமைக்கு மட்டும் யாரும் பிளெக்ஸ் வைப்பதில்லை. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நாடு முழுக்க 150 பேர் இறந்தார்கள். அதில் 54 மரணங்களை அரசே ஆராய்ந்தபோது, 49 பேர் உடலில் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. அந்த ஆய்வு நாடாளுமன்றத்துக்கு வந்தது 2025இல். தடைச் சட்டமோ 1993இல் ஒன்று, 2013இல் இன்னொன்று. ஆளில்லாத கலம் விழுந்தபோது அடுத்த முறை விழாமல் இருக்க வழி கண்டார்கள். ஆள் விழுந்தால் இழப்பீடு கண்டார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் என்றது. 2023 அக்டோபர் 20ஆம் தேதி, நிலவில் இறங்கி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 30 லட்சம் என்று உயர்த்தியது. நீதிமன்றத்தைக் குறை சொல்லவில்லை. மலக்குழியில் சாவுக்கு விலை உயர்த்த வேண்டிய நிலையில் நாட்டை வைத்திருப்பவர்களைச் சொல்கிறேன்.

விழுப்புரம் ரயில் சந்திப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 1853இல். முதல் செயற்கைக்கோள் ஆர்யபட்டா 1975இல். சந்திரயான்-1 போனது 2008இல். ரயில் பெட்டிகளில் மலம் தண்டவாளத்தில் விழாத உயிரிக் கழிவறையைப் பயணிகள் ரயிலில் பொருத்தத் தொடங்கியது 2011இல்! எல்லாப் பெட்டிகளிலும் பொருத்தி முடிக்க மேலும் பத்தாண்டு அளவில் ஆனது. அதாவது நிலவுக்குப் போன பிறகுதான் ரயில் கழிவறைக்கு அடியில் ஒரு தொட்டி வைக்க நமக்குத் தோன்றியது. அந்தத் தொழில்நுட்பமும் பனிமலையில் இருக்கும் படைவீரர்களுக்காகப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியதிலிருந்து வந்ததுதான். அதுவரை தண்டவாளத்தில் துடைப்பத்தோடு நின்றவர் யார்? 2013 சட்டம் தண்டவாளத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் அரசு அறிவிக்கும் கருவியோடும் உறையோடும் செய்தால் அது கையால் மலம் அள்ளுவதாகாது என்று ஒரு விளக்கத்தையும் உள்ளே வைத்தது. கையுறை கொடுத்துவிட்டால் கொடுமை தீர்ந்தது என்று அர்த்தம்!

ஏன் இப்படி? நமக்கு மூளை இல்லையா? இருக்கிறது. ஒரு துன்பம் எப்போது பொறியியல் சிக்கலாக மதிக்கப்படுகிறது என்று பாருங்கள். 1858இல் லண்டனில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் தாங்க முடியாமல் போனது. அதற்கு முன்பே காலராவில் ஏழைகள் ஆயிரக்கணக்கில் செத்திருந்தார்கள். அப்போதெல்லாம் அசையாத நாடாளுமன்றம், நாற்றம் தன் ஜன்னலுக்குள் நுழைந்ததும் அசைந்தது. சில வாரங்களில் சட்டம் வந்தது, பணம் வந்தது. ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் நகரம் முழுக்கப் பாதாளச் சாக்கடை கட்டினார். 1875இல் அவருக்குச் சர் பட்டம் கொடுத்தார்கள். சாக்கடை கட்டியவருக்குச் சர் பட்டம்!

அந்த ஊரில் வர்க்கம் உண்டு, இனவெறி உண்டு, காலனியக் கொள்ளையும் உண்டு. ஆனால் சாக்கடையை அள்ளுவதற்கென்றே பிறந்த சாதி என்று ஒன்று கையருகே தயாராக இல்லை. அதனால் பொறியாளரைத் தேடினார்கள். நம்மிடம் அது தயாராக இருந்தது. நிலவுக்குப் போக நமக்கு எந்தச் சாதியும் நேர்ந்துவிடப்படவில்லை, அதனால் பொறியியல் தேவைப்பட்டது. மலக்குழிக்குச் சாதி நேர்ந்துவிடப்பட்டிருந்தது, அதனால் பொறியியல் தேவைப்படவில்லை. ஒன்றிய அரசு 2024இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், சாக்கடை, செப்டிக் டேங்க் வேலை செய்கிற சுமார் 38,000 பேரில் 68.9 சதவீதம் பட்டியல் சாதியினர். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே மேல் கீழாகப் பிரித்துவைக்கிறது என்று 1936இலேயே அண்ணல் அம்பேத்கர் வாதிட்டார். அதனோடு நான் ஒன்றைச் சேர்க்கிறேன். எந்தச் சிக்கலுக்கு மூளையைச் செலவழிப்பது, எதற்கு உடம்பைச் செலவழிப்பது என்பதையும் சாதி பிரித்துவைத்திருக்கிறது.

இது சாக்கடையோடு நிற்கவில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே பாலாற்றுப் பாலத்திலிருந்து ஒரு தலித் மனிதரின் உடலைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி மற்றவர்களின் நிலத்தில் இருந்தது, வழி விடவில்லை. பாலம் நல்ல பாலம்தான். உங்கள் பாடப்புத்தகத்தில் பாரம் தாங்கும் திறனைக் கணக்கிடச் சொல்லித் தருவார்கள். அந்தப் பாலத்தின்மேல் போன பாடைக்கு இறங்க வழியுண்டா என்று கணக்கிடச் சொல்லித் தர மாட்டார்கள்.

அதே மனநிலையைத் திண்டிவனத்தில் பாருங்கள். ஊரில் எந்த இயந்திரம் வாங்குவது, எந்தத் தெருவுக்குச் சாக்கடை போடுவது என்று முடிவெடுக்கும் இடம் நகராட்சி அலுவலகம். 2025 செப்டம்பரில் அந்த அலுவலகத்திலிருந்து ஒரு காணொலி வெளியானது. பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த இளநிலை உதவியாளர் ஒருவர் ஒரு கவுன்சிலரின் காலில் விழும் காட்சி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. ஆர்யபட்டா போய் மூன்று ஆண்டுகளில், 1978 ஜூலையில், விழுப்புரத்தில் 12 தலித் மக்கள் கொல்லப்பட்டதையும் மறந்துவிடாதீர்கள். வானத்தில் நாம் முன்னேறிய வேகத்தில் தரையில் முன்னேறவில்லை.

நான் முதலில் சொன்ன ஏணிக்கும் இதே கதைதான். திண்டிவனத்தைச் சுற்றி வாழும் இருளர் பிள்ளைகளுக்கு அதன் முதல் படி பழங்குடிச் சான்றிதழ். அந்த ஒரு தாளுக்காகக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அலுவலக வாசலில் நிற்கின்றன. பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் இத்தனை காலம் போராடிக்கொண்டிருப்பது இதற்கெல்லாமும்தான். அந்தத் தாள் கிடைக்காததால் படிப்பை விட்ட பிள்ளைகளில் எத்தனை வீரமுத்துவேல்கள் இருந்தார்களோ, அந்தக் கணக்கு எந்த அலுவலகத்திலும் இல்லை.

அவநம்பிக்கையோடு உங்களை அனுப்ப நான் வரவில்லை. 2015இல் கோழிக்கோட்டில் சாக்கடைக்குள் இறங்கிய இருவரும், காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். அந்தச் செய்தி கேரளத்தின் பொறியியல் மாணவர்கள் சிலரை உலுக்கியது. ஜென்ரோபோட்டிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2018இல் திருவனந்தபுரத்தில் 'பாண்டிகூட்' என்ற ரோபோ மனிதருக்குப் பதிலாகச் சாக்கடைக்குள் இறங்கியது. உங்கள் வயதுதான், உங்கள் பாடம்தான். ஒரு மரணத்தைச் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பாமல், தீர்க்க வேண்டிய கணக்காக எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் இயந்திரம் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வாங்கிய இயந்திரம் கொட்டகையில் நின்றால், குறுகிய தெருவுக்குள் வராது என்று சொல்லி மறுபடியும் ஆளைக் கூப்பிட்டால், ஒப்பந்தக்காரர் கைக்குக் காசு கொடுத்து ராத்திரியில் இறக்கினால், இயந்திரம் இருந்தும் பயனில்லை. இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கு நிரந்தர வேலையும் முழுச் சம்பளமும் மரியாதையும் வேண்டும். அந்த வேலைக்கு எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் வர வேண்டும். அதை இயந்திரம் செய்யாது, அரசியல்தான் செய்யும்.

ஆகவே உங்களிடம் மூன்று வேலைகளை விட்டுச்செல்கிறேன். உங்கள் நகராட்சியில் கழிவுநீர் இயந்திரம் எத்தனை, அதில் ஓடுவது எத்தனை, ஓட்டுகிறவர் நிரந்தரமா ஒப்பந்தமா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். இறுதியாண்டு புராஜெக்டுக்கு இணையத்தில் எதையாவது நகல் எடுக்காமல், விழுப்புரத்தின் குறுகிய தெருவுக்குள் நுழையும் உறிஞ்சு கருவியையோ மலிவான வாயு அளவியையோ செய்ய முயலுங்கள். அப்படிச் செய்யும்போது தூய்மைப் பணியாளர்களை அழைத்து உட்காரவைத்து அவர்களிடம் பாடம் கேளுங்கள், குழியை அறிந்தவர்கள் அவர்கள்தான். மூன்றாவது, உங்கள் வீட்டு செப்டிக் டேங்கைத் திறக்கும் நாளில் உள்ளே மனிதர் இறங்கக்கூடாது என்று அப்பாவிடமும் வீட்டு உரிமையாளரிடமும் சண்டை போடுங்கள். 14420 என்ற உதவி எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், அது இதற்கென்றே இருக்கிறது.

அடுத்து இஸ்ரோ ஒரு கலத்தை ஏவும்போது கைதட்டுங்கள், நானும் தட்டுவேன். தட்டி முடித்ததும் கேளுங்கள்: இன்றைக்கு நம் மாவட்டத்தில் யாராவது மலக்குழியில் இறங்கினார்களா? இல்லை என்ற பதில் ஆண்டு முழுவதும் வந்தால், அந்த ஆண்டு நாம் எல்லோரும் சேர்ந்து பெருமைப்படுவோம்.